ஆரணி பாடாத நாலாவது சரணம்

அந்தச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, மொன்றியல் நகரத்து லாசாலில் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், வீடுகளைச் சூடாக்குகிற பொயிலர் அறையில் ஆரணிக்காகக் காத்திருந்தேன். அவளுக்கு ஒரு கதிரை, எனக்கு ஒரு கதிரை போட்டிருந்தேன். அவள் வரப் பிந்தியது. போன கிழமை அவள் பாடிக்காட்டிய பாட்டை ஒருமுறை எனக்குள் ஓட்டிப் பார்ப்போம் என்று தொடங்கினேன். பாடப் பாடக் குரல் வெளியே வந்துவிட்டது. முடிக்கிற நேரம் கதவு திறந்தது. வந்தது ஆரணி இல்லை, அவளுடைய தகப்பன் குணம்.

குணம் அதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருபது வருடமாக இருக்கிறார். அந்த அறைக்குள் ஒருநாளும் வந்தவரில்லை. அவர் என்னைப் பார்க்கவில்லை. பொயிலருக்குப் பின்னால் போய்ப் பார்த்தார். தண்ணீர்த் தாங்கிக்கும் சுவருக்கும் நடுவே குனிந்து பார்த்தார்.

"பிள்ளை எங்கை, அண்ணை?"

"இன்னும் வரேல்லை."

"இப்ப பாடினவள்."

"நான்தான் பாடினனான், தம்பி."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கையில் தொலைபேசி இருந்தது. அதற்குள் யாரோ பிரெஞ்சில் இன்னும் கதைத்துக்கொண்டிருந்தார்கள். பிறகுதான் எனக்குச் சொன்னார். வெள்ளிக்கிழமை கிழக்கே ஒரு சின்ன ஊரில் பாடிவிட்டு அங்கேயே தங்கி, விடிந்த பிறகு புறப்பட்டு வந்த ஆரணியின் வான் வண்டி, பெருந்தெருவில் கண்ணுக்குத் தெரியாத பனிப்படையில் வழுக்கிப் புரண்டுவிட்டது. வேறு ஒருவருக்கும் காயமில்லை. பிள்ளை அந்த இடத்திலேயே போய்விட்டாள். வயது இருபத்தாறு.

அவள் என்னிடம் வரத்தான் வந்துகொண்டிருந்தாள். அதை முதலில் எழுதிவிட வேண்டும்.

இன்று அவளுடைய முப்பத்தோராம் நாள். கல்வெட்டு என்று நாங்கள் சொல்லும் இந்த நினைவு மலருக்கு என்னையும் எழுதும்படி குணம் கேட்டார். எனக்கு எழுபத்து நாலு வயது. எழுதப் படிக்கப் பழகி இரண்டு மாரிகாலம்தான். பள்ளிக்குப் போக வேண்டிய வயதில் நான் சுருட்டுக் கொட்டிலில் புகையிலைக்கு நரம்பு கிழித்தேன். பிறகு இந்த நகரத்துக்கு வந்து பாத்திரம் கழுவினேன், இந்தக் கட்டடத்தில் பராமரிப்பு வேலை பார்த்தேன். அச்சில் வரப்போகிற என் முதல் எழுத்து இது. குணம் கேட்டபோது துக்கத்துக்குள்ளேயும் எனக்கு ஒரு சந்தோசம் வந்தது. ஆரணி இருந்தால் அதற்குச் சிரித்திருப்பாள். எனவே அதை மறைக்கவில்லை. ஒரு நாளைக்கு அரைப்பக்கம் எழுதினேன். பிழைகளை, எனக்கு எழுத்துப் பழக்கிய சமூக மண்டபத்து ரீச்சர் திருத்தினார். சொன்ன விசயத்தில் அவர் கை வைக்கவில்லை.

உங்களில் பலர் ஆரணியைத் தவழ்ந்த காலத்திலிருந்து கண்டவர்கள். ஆனால் அவள் பாடியது என்ன பாட்டு என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. கிற்றாரும் பான்ஜோவும் வைத்துக்கொண்டு பெருந்தெரு, ரயில், ஆறு, சுரங்கம், செத்துப்போன உறவு என்று ஆங்கிலத்தில் பாடுகிற பாட்டு. அமெரிக்கானா என்பது அதன் பெயர். எனக்கே அந்தப் பெயர் அவள் பாட்டைக் கேட்கத் தொடங்கி ஐந்தாறு வருடம் கழித்துத்தான் தெரியும்.

அது அவளுக்குத் தகப்பனின் ட்ரக்கில் வந்தது. குணம் மொன்றியலிலிருந்து அமெரிக்காவின் தெற்குவரை பெரிய ட்ரக்கில் தளபாடம் ஏற்றிப் போகிறவர். நித்திரை வராமலிருக்க அந்தந்த ஊர் ரேடியோவைப் போட்டுவிடுவார். பள்ளிக்கூட விடுமுறையில் ஆரணியும் முன் சீற்றில் ஏறிப் போவாள். ஏழு வயதிலேயே டெனசியில் ஒரு பாட்டு, வேர்ஜீனியாவில் ஒரு பாட்டு என்று வீதியை வைத்துப் பாட்டுகளை ஞாபகம் வைத்திருந்தாளாம். தாய் வசந்தி அவளை ஒன்பது வருடம் கர்நாடக சங்கீத வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். இரண்டும் அவளுடைய தொண்டைக்குள் ஒன்றாகிவிட்டன. வெள்ளைக்காரர் நேராக இறக்குகிற சுரத்தை அவள் வளைத்து இறக்குவாள். ஒரு விழாவில், அந்தப் பாட்டுகள் பிறந்த மலைப்பக்கத்திலிருந்து வந்த ஒரு கிழட்டுப் பான்ஜோக்காரர் அந்த வளைவை எந்த மலையில் படித்தாய் என்று கேட்டாராம். லாசாலில், உடுப்புத் தோய்க்கிற கடைக்கு மேல்மாடியில் நடந்த சங்கீத வகுப்பில் என்று சொன்னாளாம்.

எங்கள் ஆட்களுக்கு அது ஏறவில்லை. ஒரு கலியாண வீட்டில் அவளைப் பாடச் சொன்னார்கள். முதல் சரணம் முடிய ஒரு மாமி சத்தமாகவே கேட்டார்.

"என்ன பிள்ளை, கலியாண வீட்டிலை செத்த வீட்டுப் பாட்டு?"

"மாமி, இதிலை ஆள் சாகிறது மூண்டாவது சரணத்திலைதான். அதுக்கிடையிலை நீங்கள் சாப்பிட்டிடலாம்."

மாமி உட்பட எல்லாரும் சிரித்தார்கள். பாட்டைத்தான் ஒருவரும் கேட்கவில்லை.

நான் அந்தக் கட்டடத்தைப் பார்த்துக்கொண்ட காலத்தில், பான்ஜோச் சத்தம் என்று மூன்றாம் மாடியில் அவர்களுடைய அயல்வீட்டிலிருந்து முறைப்பாடு வந்தது. ஆரணிக்கு அப்போது பதினாறு வயது. பொயிலர் அறையின் கதவுத் திறப்பை எடுத்துத் திறந்துவிட்டு, இங்கே போய் வாசி, பொயிலர் முறைப்பாடு செய்யாது என்றேன். நான் ஒரு பக்கத்தில் குழாய் திருத்துவேன், அவள் ஒரு பக்கத்தில் பாடுவாள். ஒருநாள் வேலை செய்துகொண்டே, முந்தின கிழமை அவள் பாடின பாட்டை நான் முழுதாகப் பாடிவிட்டேன். அவள் வாசிப்பதை நிற்பாட்டினாள்.

"அப்பு, உங்களுக்கு இங்கிலிஷ் தெரியுமோ?"

"யேஸ், நோ, கார்பேஜ், நோ ஹீட். அவ்வளவுதான்."

"பேந்து எப்பிடி?"

"நீர் பாடினதைத்தானே பாடினனான்."

"ஒரு சொல்லும் விளங்காமலோ?"

"விளங்கினால் என்ரை சொல் உள்ளுக்கை பூந்திடும். விளங்காட்டி நீர் தந்தது அப்பிடியே கிடக்கும்."

எழுத்தில்லாதவனுக்கு எல்லாம் தலைக்குள்தான் இருக்க வேண்டும். எந்த வீட்டில் எந்தக் குழாய் ஒழுகுகிறது, தெருமூலை டெபனர் கடைக்காரருடைய தொலைபேசி எண், மருந்து எத்தனை மணிக்கு என்று எல்லாவற்றையும் நான் அப்படித்தான் வைத்திருந்தேன். சுருட்டுக் கொட்டிலில் ஒருவர் பேப்பர் வாசிக்க நாங்கள் கேட்டுக்கொண்டு வேலை செய்வோம். பின்னேரம் நான் அதை அச்சொட்டாகத் திருப்பிச் சொல்வேன். எனக்கு இது பெரிய விசயமில்லை. ஆரணிக்குப் பெரிய விசயமாகிவிட்டது. அன்றிலிருந்து அவள் ஒரு முறை வைத்தாள். புதுப் பாட்டை ஒரு சனிக்கிழமை எனக்கு ஒரேயொரு தரம் பாடுவாள். தாளிலும் எழுதமாட்டாள், தொலைபேசியிலும் பதிவு செய்யமாட்டாள். அடுத்த சனிக்கிழமை நான் திருப்பிப் பாடவேண்டும். எனக்கு மறந்துபோன வரியை அவள் பாட்டிலிருந்து எடுத்துவிடுவாள்.

"மறந்துபோறதெண்டால் அது இருக்கத் தேவையில்லாத வரி" என்பாள்.

பத்து வருடம் இப்படி நடந்தது. நான் வேலையிலிருந்து நின்ற பிறகும் திறப்பு என்னிடமே இருந்தது. அவள் மெத்ரோ ரயில் நிலையத்தில் நின்று பாடிய பாட்டுகள், செவ்வாய்க்கிழமைகளில் ஒரு சின்ன மதுக்கடையில் யார் வேண்டுமானாலும் ஏறிப் பாடலாம் என்கிற மேடையில் பாடியவை, ஏழு பாட்டோடு வந்த அவளுடைய முதல் இசைத்தட்டு எல்லாம் அந்த இரண்டு கதிரைகளுக்கு நடுவே போய்வந்தவைதான்.

இப்போது நான் சொல்லப்போவதை ஆரணி ஒரு சிலரைத் தவிர மற்றவர்களுக்குச் சொன்னதில்லை. அவளுக்கு இருபது வயது நடந்தபோது ஓர் ஆற்றைப்பற்றி ஒரு பாட்டுத் தந்தாள். அடுத்த சனிக்கிழமை நான் திருப்பிப் பாடினேன். பாதியில் அவள் உள்ளங்கையால் தந்திகளை மூடினாள்.

"அப்பு, இப்ப பாடினதை ஆர் பாடித்தந்தது?"

"நீர்தான்."

"நான் பாடேல்லை."

நான் பகிடி என்று நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன், பகிடியில்லை. இன்னொருக்காப் பாடச் சொன்னாள். பாடினேன். பிறகு தமிழில் விளக்கினாள். ஆளையும் வண்டியையும் ஏற்றி ஆறு கடக்கிற ஒரு பாதைப்படகு அக்கரையிலிருந்து வருகிறது. அதில் ஒருவரும் இல்லை. நடுவில் ஒரு கதிரை மட்டும் எங்களைப் பார்த்தபடி வருகிறது. நாலு வரி, பிழையில்லாத ஆங்கிலம், அவளுடைய மெட்டுக்குச் சரியாகப் பொருந்தியது. அவள் கணினியில் தேடினாள், தெரிந்த பாட்டுக்காரரையெல்லாம் கேட்டாள். அப்படி ஒரு பாட்டு எங்கும் இல்லை. நான் பாத்திரம் கழுவின உணவகத்தில் ரேடியோ எந்நேரமும் பாடும், அதிலிருந்து ஒட்டியிருக்கலாம் என்று சொல்லிப்பார்த்தேன். எனக்கே அதில் நம்பிக்கை வரவில்லை.

"உம்மடை பாட்டுக்கை ஆரோ வந்திட்டினம், பிள்ளை. எடுத்துப்போடும்."

"சீ, வந்ததை விரட்டக்கூடாது, அப்பு. எங்கை இருந்து வந்தனீ எண்டும் கேக்கக்கூடாது. கேட்டால் வெக்கப்பட்டுப் போயிடும்."

அந்தச் சரணத்தோடுதான் அந்தப் பாட்டு வெளியே போனது. அவளுடைய பெயரை நாலு பேருக்குத் தெரியவைத்த பாட்டும் அதுதான்.

அந்த வருட வெயில்காலத்தில் ஒரு பின்னேரம், பாட்டில் இருக்கிற மாதிரி ஒரு இடத்தை உங்களுக்குக் காட்டுகிறேன் என்று என்னை இல்-பிசார் தீவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கேயிருந்து ஆற்றுக்கு அக்கரையிலுள்ள லவாலுக்குக் கார் ஏற்றுகிற ஒரு சின்னப் பாதைப்படகு ஓடும். நாங்கள் கரையில் நின்று ஐஸ்கிரீம் சாப்பிட்டோம். படகு அக்கரையிலிருந்து திரும்பி வந்தது. அன்றைக்கு அதில் காரும் இல்லை, சனமும் இல்லை. தட்டின் நடுவே, எங்களைப் பார்த்தபடி, ஒரு சமையலறைக் கதிரை நின்றது.

ஆரணி என்னுடைய முழங்கையைப் பிடித்தாள். படகுக்காரரிடம் போய்ப் பிரெஞ்சில் கேட்டாள். வீடு மாறின யாரோ இறக்க மறந்துவிட்டுப் போனார்கள், வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போங்கள் என்றாராம். பக்கத்தில் யாரும் இல்லை. தண்ணீர் கண்ணாடிபோலக் கிடந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது, "நல்ல காலம் அப்பு, அதிலை ஒருத்தரும் இருக்கேல்லை" என்றாள்.

பிறகும் இரண்டு தரம் அப்படி வரிகள் வந்தன. எனக்குப் பயம் வந்ததா என்று கேட்டால், வந்தது. வெட்கம் இல்லாமல் சொன்னால் கொஞ்சம் சந்தோசமும் வந்தது. நான் எழுத்துப் பழகப்போகிறேன் என்று சொன்னபோது ஆரணிதான் யோசித்தாள்.

"எழுதப் பழகினால் மறதி வரும், அப்பு. தலைக்குள்ளை இருக்கிறதெல்லாம் தாளுக்குப் போயிடும்."

"வேண்டாம் எண்டுறீரோ?"

"பழகுங்கோ. என்ரை பாட்டுகள் சின்னனாகும், அவ்வளவுதானே."

அவள் சொன்னது நடந்தது. போன வருடம் எனக்கு வரிகள் தவறத் தொடங்கின. அவள் ஒன்றும் சொல்லாமல் அவற்றை எடுத்துவிட்டாள்.

இதற்கிடையில் வீட்டில் ஒரு பெரிய பிளவு வந்திருந்தது. மூன்றாம் வருடத்தோடு பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டுப் பாட்டுக்கு முழுதாகப் போகிறேன் என்று ஆரணி சொன்னாள். "உந்தப் பாட்டை உனக்குக் காட்டினது என்ரை பிழை" என்று குணம் சொல்லிவிட்டார். அவள் நகரத்தின் மறுபக்கத்தில், செயின்ட்-மிஷேலில் ஓர் அறை எடுத்துக்கொண்டு போனாள். தகப்பனும் மகளும் ஒருவரோடொருவர் கதைக்காமல் நாலு வருடம். சனிக்கிழமைகளில் அவள் எங்கள் கட்டடத்துக்கு வருவாள், பொயிலர் அறைக்கு இறங்குவாள். தகப்பனின் ட்ரக் வெளியூர் போயிருந்தால் மட்டும் மேலே ஏறித் தாயைப் பார்ப்பாள்.

கடைசிச் சனிக்கிழமை அவள் தந்த பாட்டு தகப்பனைப் பற்றியது என்று அவளே சொன்னாள். நான் அர்த்தம் கேட்கவில்லை. அது எங்கள் முறையில்லை. மூன்று சரணம் பாடினாள். பிறகு கையைத் தூக்கி மூன்று விரலைக் காட்டினாள்.

"மூண்டுதான் இருக்கு, அப்பு. நாலாவது வரேல்லை. வந்தால் அடுத்த கிழமை கொண்டுவாறன்."

செத்த வீடு முடிந்து ஐந்தாம் நாள், குணம் என்னைத் தன் சமையலறைக்குக் கூப்பிட்டார். வசந்தி முன்னறையில் சொந்தக்காரரோடு இருந்தார். குணம் கதவைச் சாத்தினார்.

"அண்ணை, கடைசியா உங்களுக்கு ஒண்டு பாடினவளாம் எண்டு வசந்தி சொன்னா. அதைப் பாடுவியளோ?"

பாடினேன். ஊர் ஊராய் மற்றவர்களின் கட்டிலையும் மேசையையும் கொண்டுபோகிற ஒரு மனிதன் என்று முதல் சரணம். அவன் தூங்காமலிருக்கப் பக்கத்தில் இருந்து பாடுகிற பிள்ளை என்று இரண்டாவது. ஒருவரும் எடுக்காமல் அடித்துக்கொண்டே இருக்கிற தொலைபேசி என்று மூன்றாவது. குணத்துக்கு ஆங்கிலம் தெரியும். மேசையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். நான் நிற்பாட்டவில்லை. நாலாவது சரணமும் வாயில் வந்தது, பாடி முடித்தேன்.

அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு அந்த நாலாவதன் அர்த்தத்தைச் சொன்னார்.

பெற்றோல் அடிக்கிற இடத்தின் விளக்குக்குக் கீழே நான் நின்றேன்.
உன் வண்டியின் சிவப்பு விளக்கு இரண்டும் ஒன்றாகி, பிறகு இல்லாமல் போயின.
நான் அசையவில்லை, அசைந்தால் நீ தேடுவாய்.
அவசரப்படாதே, விட்ட இடத்திலேயே நிற்கிறேன்.

"அவளுக்கு எட்டு வயது, அண்ணை" என்றார். "பென்சில்வேனியாவிலை பெற்றோல் அடிச்சனான். சீற்றுக்குப் பின்னாலை இருக்கிற கட்டிலிலை, திரைச்சீலைக்குள்ளை படுத்திருக்கிறாள் எண்டு நினைச்சு எடுத்துக்கொண்டு போயிட்டன். அவள் இறங்கி முகம் கழுவப் போயிருக்கிறாள். அரை மணித்தியாலம் ஓடினாப் பிறகு, அவளுக்குப் பிடிச்ச பாட்டு ஒண்டு ரேடியோவிலை போச்சுது. எழும்பு பிள்ளை எண்டு கூப்பிட்டன். சத்தமில்லை."

"கடவுளே."

"திரும்பிப் போக, அதே விளக்குக்குக் கீழை நிண்டவள். அழேல்லை. நான்தான் அழுதனான். வசந்திக்கு இண்டுவரைக்கும் தெரியாது. எனக்கும் பிள்ளைக்கும் மட்டும்தான் தெரியும்." பிறகு என் கையைப் பிடித்தார். "அவள் என்னோடை கோவமில்லை, அண்ணை. சாக முதலே பாட்டிலை எழுதி வைச்சிருக்கிறாள். இதை அவளின்ரை பேரிலை மலரிலை போடுவம்."

அந்த முகத்தில் பத்து நாளாக இல்லாத உயிர் வந்திருந்தது. நான் தலையாட்டினேன். படியால் இறங்கிப் பாதி வழியில்தான், அவள் காட்டின மூன்று விரல் கண்ணுக்கு முன்னால் வந்தது.

அந்தச் சரணத்தை ஆரணி எனக்குப் பாடவில்லை. அது எனக்கு எப்போது வந்தது என்று யோசித்தேன். அவளுக்காகக் காத்திருந்த அந்தக் காலையில்தான். அப்போது அவள் பெருந்தெருவில் கிடந்தாள். நான் தெரியாமல் மூன்றோடு நாலையும் சேர்த்துப் பாடிக்கொண்டிருந்தேன்.

மூன்று நாள் நான் வீட்டைவிட்டு வெளியே போகவில்லை. சொல்லாமல் விட்டால் ஒரு தகப்பனுக்கு நிம்மதி. சொன்னால் அவர் கையிலிருந்த ஒரேயொரு பொருளைப் பறித்ததாகும். அதற்குப் பதிலாக என்ன கொடுப்பேன்? ஒரு கிழவனின் மறதியையா, அல்லது அதைவிடப் பயங்கரமான ஒன்றையா? வாயால் சொல்கிற பொய்யென்றால் நான் சொல்லியிருப்பேன். சந்தோசமாகவே சொல்லியிருப்பேன். ஆனால் இது என் கையால் எழுதி அச்சில் வருவது. எழுபது வருடம் எழுத்தில்லாமல் இருந்தவன் நான். எழுத்திலிருப்பது உண்மை என்று நம்பித்தான் மற்றவர்கள் வாசித்துச் சொன்ன தாள்களிலெல்லாம் கைநாட்டு வைத்தேன். கடைசியில் எழுதப் பழகி முதல் வேலையாக ஒரு பொய்யை எழுதுவதா?

செயின்ட்-மிஷேலில் இருக்கும் அச்சகத்துக்கு மலரின் தாள்களைக் கொடுக்கக் குணம் என்னைக் காரில் கூட்டிக்கொண்டு போனார். அச்சகத்துக்கு முன்னால் நிறுத்தியதும் சொன்னேன்.

"தம்பி, நாலாவதை அவள் எனக்குப் பாடேல்லை. மூண்டுதான் பாடினவள். நாலாவது வரேல்லை எண்டு சொன்னவள்."

"அப்ப உங்களுக்கு எப்பிடி?"

"தெரியாது. அண்டைக்குக் காலமை வந்தது."

அவர் எஞ்சினை நிற்பாட்டாமல் கையைச் சக்கரத்தில் வைத்தபடி இருந்தார். கண்ணாடியில் பனி விழுந்து உருகியது.

"நான் உங்களுக்கு ஒண்டு சொல்லேல்லை" என்றார் பிறகு. "சனிக்கிழமையளிலை நான் வீட்டிலை நிண்டால், முன்னறையிலை சூடு வாற ரேடியேற்றருக்குப் பக்கத்திலை இருப்பன். குழாயுக்குள்ளாலை உங்கடை பாட்டு மேலை வரும். சொல் விளங்காது, குரல் கேக்கும். நாலு வருசம் அப்பிடித்தான் என்ரை பிள்ளையைக் கேட்டனான். ஒருக்கா வேர்ஜீனியா ரேடியோவிலையும் அவளின்ரை பாட்டுப் போச்சுது. ஓரமா நிப்பாட்டிப்போட்டுக் கேட்டனான்."

"அவளுக்குச் சொன்னனீரோ?"

"இல்லை." கண்ணாடித் துடைப்பானைப் போட்டார். "அண்டைக்குப் பொலிஸ் கோல் எடுத்து, உங்கடை மகள் எண்டு சொல்ல, நான் சிரிச்சனான், அண்ணை. இல்லை, என்ரை மகள் கீழை பாடிக்கொண்டிருக்கிறாள் எண்டு சொன்னனான். முதல் மூண்டு சரணத்திலையும் உங்கடை குரல் மட்டும்தான். கடைசிச் சரணத்திலை இரண்டு குரல் கேட்டது."

அந்த அறையில் நான் தனியே இருந்தேன் என்பதை அவரிடம் சொல்லத் தேவையிருக்கவில்லை. பொயிலருக்குப் பின்னால் குனிந்து பார்த்தவர் அவர்தான்.

"அச்சகத்துக்குப் பேந்து போவம்" என்றார். "பெற்றோல் ஸ்ரேசன் கதையும் மலரிலை வரவேணும். அதுக்கு முதல் நான் வசந்திக்குச் சொல்லவேணும்."

திரும்பி வந்து மூன்று பேரும் சமையலறையில் இருந்தோம். குணம் எழும்பி நின்றுகொண்டு சொன்னார். பென்சில்வேனியா, திரைச்சீலை, அரை மணித்தியாலம், விளக்கு என்று ஒன்றையும் விடவில்லை. வசந்தி தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி கேட்டார்.

"எனக்குத் தெரியும்" என்றார்.

"என்ன?"

"வந்த அண்டைக்கே சொன்னவள். அப்பா மறந்து விட்டிட்டுப் போயிட்டார், பேந்து வந்தவர், வரேக்கை அழுதுகொண்டு வந்தவர், நீங்கள் கேட்டால் இன்னும் அழுவார், கேக்காதேங்கோ எண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினவள்."

"பதினெட்டு வருசமாவோ?"

"நீங்களாச் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்." வசந்தி கோப்பையை வைத்தார். "கோவமெண்டால் அடுத்த லீவுக்கு உங்களோடை ஏறியிருப்பாளோ? முதல் ஆளா உடுப்பு அடுக்கிக்கொண்டு நிண்டவள். நாலு வருசமும் நீங்கள்தான் கோல் எடுக்கேல்லை. அவளுக்குக் கோவமில்லை. நிண்டுகொண்டிருந்தவள், அவ்வளவுதான்."

குணம் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுதார். நான் எழும்பப் பார்த்தேன். இருங்கோ அண்ணை என்று வசந்திதான் சொன்னார்.

எப்படி அச்சிடுவது என்பதையும் வசந்திதான் முடிவு செய்தார். இந்த மலரின் கடைசிப் பக்கத்தில் மூன்று சரணம் ஆரணியின் பெயரோடு இருக்கின்றன. பிறகு கொஞ்சம் வெற்றிடம். அதற்குக் கீழே நாலாவது, பெயரில்லாமல். ஆங்கிலத்தை நான் தமிழ் எழுத்தில் எழுதினேன், அர்த்தம் குணம் சொன்னது. அந்தச் சரணம் வந்த காலையில் அந்தக் கதையை அறிந்தவர்கள் மூன்று பேர். நான் அவர்களில் ஒருவன் இல்லை. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. எங்கேயிருந்து வந்தது என்று நானும் கேட்கப்போவதில்லை.

ஆரணியுடைய கிற்றார் தகப்பனிடம் இருக்கட்டும். பாட்டுகள் இசைத்தட்டில் இருக்கின்றன, அவை எல்லாருக்கும் உரியவை. நான் வைத்துக்கொள்வது அவள் கேட்ட விதத்தை. நான் பாடும்போது அவள் கண்ணை மூடித் தலையைக் கொஞ்சம் சாய்த்து இருப்பாள். நான் அடுத்த சொல்லுக்குத் தடுமாறினால் உதவிக்கு வரமாட்டாள், அவசரப்படுத்தவும் மாட்டாள். ஒரு கட்டடம் நிறைந்த சனத்தின் குழாயைத் திருத்தினவன் நான். என்னை அப்படி ஒருவரும் கேட்டதில்லை.

இதை எழுதிய நாட்களிலும் மேசைக்கு அந்தப் பக்கத்தில் அந்த அமைதி இருந்தது. வீட்டில் நான் தனியே. ஒரு எழுத்து வராமல் பேனையைத் தூக்கிக்கொண்டு இருந்தால் அதுவும் பொறுத்திருக்கும். நான் எழுதத் தொடங்கினால் அதுவும் கேட்கத் தொடங்கும். எனக்கு இப்போது பயமில்லை. மெதுவாக எழுதுகிறேன், பிள்ளை. இன்னும் ஒரு வரிதான் இருந்தது. அதையும் எழுதிவிட்டேன்.